மாறுகண் அறுவையும் இயந்திரக் கணிப்பும்: அளவுகோலே ஆடும்போது

மாறுகண் அறுவை சிகிச்சையின் முடிவை இயந்திரக் கற்றல் மூலம் முன்கூட்டியே கணிக்க முயலும் ஆய்வுகளுக்குப் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. ஒரே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளிலிருந்து சில நூறு நோயாளர்கள் எடுக்கப்படுகின்றனர். வயது, விலகல் கோணம், கண்ணாடியின் பவர், அறுவைக்குள்ளான தசை, அதை நகர்த்திய மில்லிமீட்டர் ஆகியவை உள்ளீடுகள். 'வெற்றி' அல்லது 'தோல்வி' என்பது விடை. நான்கைந்து வழிமுறைகளை ஓடவிட்டு, எதன் துல்லியம் மிகுதி என்று ஓர் அட்டவணை போட்டால் கட்டுரை முடிந்தது. அந்த அட்டவணைக்கு முன்பே கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இரண்டு. விலகல் கோணத்தை அளந்தவர் யார்? 'வெற்றி' என்று பதிவேட்டில் எழுதப்பட்டது எந்த நாளில்?

1839-இல் பெர்லினில் டீஃபன்பாக் கண்தசையை வெட்டி மாறுகண்ணைத் திருத்திய நாள் முதல், இத்துறை 'எவ்வளவு' என்ற கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறது. விழிவெண்படலத்தில் ஒட்டியிருக்கும் தசையைப் பிரித்துச் சற்றுப் பின்னால் தைத்தால் அதன் இழுவிசை தளரும். ஒரு பகுதியை வெட்டி நீக்கித் தைத்தால் இறுகும். எத்தனை மில்லிமீட்டர் என்பதற்கு மருத்துவர்கள் அட்டவணை வைத்திருக்கின்றனர். பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணையின்படி, உள்நோக்கிய மாறுகண்ணில் 15 பட்டக டயாப்டர் விலகலுக்கு இரு கண்களின் உட்புற நேர்தசைகளும் 3 மில்லிமீட்டர் வீதம் பின்னகர்த்தப்படும். 40 டயாப்டருக்கு 5.5 மில்லிமீட்டர். அதாவது ஒவ்வொரு 5 டயாப்டருக்கும் அரை மில்லிமீட்டர். (ஒரு மீட்டர் தொலைவில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் விலக்கும் முப்பட்டகத்தின் திறனே ஒரு பட்டக டயாப்டர்.)

ஆனால் அந்த 5 டயாப்டரை அளப்பது இன்றும் பெரும்பாலும் கைவேலைதான். கண்களை மாற்றி மாற்றி மறைத்து, அவற்றின் அசைவு நிற்கும் வரை முப்பட்டகங்களை மாற்றி வைத்து எண் குறிக்கப்படுகிறது. நான்கு வயதுக் குழந்தை எதிரிலுள்ள பொம்மையை உற்றுப் பார்த்தால் ஓர் எண் வரும். அழுதுகொண்டே தாயின் தோளில் முகம் புதைத்தால் வேறோர் எண். கண் அவ்வப்போது மட்டும் வெளியே விலகும் வகையில், ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் இடையே வேறுபாடு இருக்கும். தேர்ந்த பரிசோதகர்கள் இருவர் அளந்தாலும் பெரிய கோணங்களில் ஏறத்தாழ 10 டயாப்டர் வரை வேறுபாடு வரக்கூடும். அறுவை வெற்றி பெற்றது என்பதற்கு வழக்கமாக வைக்கப்படும் எல்லையும், நேர்நிலையிலிருந்து 10 டயாப்டருக்குள் என்பதே. உள்ளீட்டின் பிழையும் விடையின் எல்லையும் ஒரே அளவில் இருக்கும் இடத்தில், எத்தனை நுட்பமான வழிமுறையைக் கையாண்டாலும் கணிப்பு ஒரு வரம்பைத் தாண்டாது. தாண்டியதாக ஒரு கட்டுரை சொன்னால், அந்தக் கட்டுரையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

கண் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு ஏற்கெனவே பெற்ற வெற்றியைச் சுட்டி இதை மறுப்போர் உண்டு. நீரிழிவு விழித்திரை நோயைப் படத்திலிருந்து கண்டறியும் கூகுள் ஆய்வு 2016-இல் 'ஜாமா' இதழில் வெளிவந்தது. அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் பயன்பட்டன. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்தையும் மருத்துவர்கள் பலர் தனித்தனியே மதிப்பிட்டனர். கேட்கப்பட்டதோ கண்ணில் இப்போது இருக்கும் நோயைப் பற்றிய கேள்வி. மாறுகண் கணிப்பில் உள்ளீடு என்பது ஒருவர் ஒருமுறை குறித்த எண், கேள்வி வருங்காலத்தைப் பற்றியது. இரண்டும் ஒரே பெயரில் வழங்குவதால் ஒன்றின் புகழ் மற்றொன்றுக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

வருங்காலம் என்றால் எத்தனை நாள் என்பதும் தெளிவாக இருப்பதில்லை. அவ்வப்போது வெளிநோக்கும் மாறுகண் கொண்ட, 3 முதல் 10 வயது வரையிலான 197 குழந்தைகளிடம் இருவகை அறுவைகளை ஒப்பிட்ட 'பெடிக்' கூட்டமைப்பின் சமவாய்ப்பு ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் நிறைவற்ற முடிவு ஒரு வகையில் 46 விழுக்காடு, மற்றதில் 37 விழுக்காடு; இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. அறுவைக்குப் பின் இவ்வகைக் கண் நாளடைவில் மீண்டும் வெளியே நகர்வது நன்கறிந்த செய்தி. அதனால்தான் மருத்துவர் பலர் வேண்டுமென்றே சற்று மிகையாகத் திருத்துகின்றனர். ஆறாம் வாரத்தில் எழுதப்பட்ட 'வெற்றி', மூன்றாம் ஆண்டில் செல்லுபடியாகும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை.

இந்தியச் சூழலில் மூன்றாம் ஆண்டு என்பதே பதிவேட்டில் பெரும்பாலும் வெற்றிடமாகத்தான் இருக்கும். பேருந்திலும் ரயிலிலும் ஓர் இரவு பயணம் செய்து, ஒரு நாள் கூலியை இழந்து வரும் குடும்பம், குழந்தையின் கண் நேராக இருந்தால் மறுபரிசோதனைக்கு ஏன் வரப்போகிறது? கண் மீண்டும் விலகியவர்களில் சிலர் நம்பிக்கையிழந்து வேறு மருத்துவமனைக்குப் போய்விடுகின்றனர். வராதவர்களைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டு எஞ்சியவர்களை மட்டும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட மாதிரி, மாறுகண்ணைக் கற்கிறதா அல்லது மருத்துவமனைக்குத் திரும்பி வரும் வசதியைக் கற்கிறதா என்பதை எந்தத் துல்லிய எண்ணும் சொல்லாது.

துல்லிய எண்ணைப் பற்றியும் ஒரு சொல். நூறு பேரில் எழுபத்தைந்து பேருக்கு அறுவை பலித்த தொகுப்பில், எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'வெற்றி' என்று சொல்லும் வழிமுறையும் 75 விழுக்காடு துல்லியம் பெறும். தோல்வியுறப்போகும் ஒரு குழந்தையைக்கூட அது காட்டித் தந்திருக்காது. மேலும், பதிவேட்டிலுள்ள மில்லிமீட்டர் எண் தற்செயலாக அமைந்ததன்று. கோணத்தையும் குழந்தையையும் பார்த்து, அட்டவணையிலிருந்து அரை மில்லிமீட்டர் கூட்டியோ குறைத்தோ மருத்துவர் முடிவெடுத்தது. எனவே 'இந்தக் குழந்தைக்கு 5-க்குப் பதில் 5.5 நகர்த்தியிருந்தால் என்னவாகியிருக்கும்' என்ற கேள்விக்கு அத்தரவு நேரடியாக விடை தராது. அறுவை அரங்கில் பயன்படும் ஒரே கேள்வி அதுதான்.

இந்த எண்கள் போய்ச் சேரும் இடத்தையும் நினைக்க வேண்டும். 'ஒன்றரைக்கண்' என்ற ஏளனம் பள்ளியில் தொடங்கித் திருமணப் பேச்சு வரை பின்தொடரும் நாடு இது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் இங்கேயே உள்ளனர். தள்ளிப்போடும் ஆண்டுகளில், விலகிய கண்ணின் பார்வை சோம்பல் கண்ணாக மங்கக்கூடும். இத்தகைய குடும்பத்திடம் '90 விழுக்காடு வெற்றி' என்று ஒரு திரை சொன்னால் அது வாக்குறுதியாகும். '40 விழுக்காடு' என்றால் அது தடையாணையாகும். பெற்றோருக்கு உண்மையில் சொல்லப்பட வேண்டியது ஒரு வீச்சு: ஓராண்டுக்குப் பின் கண் எங்கிருந்து எங்கு வரை நிற்கக்கூடும், மறு அறுவை எந்த அளவுக்குத் தேவைப்படலாம், இரட்டைப் பார்வை வருமா, ஆழப்பார்வை திரும்புமா என்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு அறநெறி வழிகாட்டுதல்கள் பாதுகாப்பையும் பொறுப்புடைமையையும் வலியுறுத்துகின்றன. ஆயினும் ஆய்வேடுகளை மதிப்பிடும் குழுக்கள் இன்னும் துல்லிய அட்டவணையைத்தான் தேடுகின்றன.

இருநூறு குழந்தைகளை இரு பரிசோதகர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் அறியாமல் அளந்து, வராதவர்களைத் தொலைபேசியிலும் நேரிலும் தேடிப்போய், மூன்று ஆண்டுகள் பதிவுசெய்த ஒரு தொகுப்பை எவரேனும் முனைவர் பட்ட ஆய்வாக முன்வைத்தால், "இதில் புதிய வழிமுறை எங்கே?" என்று முதல் தேர்வாளரே கேட்பார். பல்கலைக்கழகங்கள் மாற்ற வேண்டியது அந்தக் கேள்வியை. அத்தகைய தொகுப்பு கையில் இருந்தால், சாதாரண நேர்கோட்டுச் சமன்பாடு ஒன்றே போதுமானதா இல்லையா என்பதையாவது நேர்மையாகச் சோதித்துப் பார்க்கலாம்.