சின்ன வாளி



கொடிகாமத்திலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஜிம்முக்குப் போகத் தொடங்கியவர். பெஞ்ச் பிரஸ்ஸில் 40 கிலோவை எட்டுத் தடவை தூக்குகிறார். 45 போட்டால் மூன்றாவது தடவையிலேயே கை நடுங்குகிறதாம். ஆறு கிழமையாக இதே நிலை. "எனக்கு இவ்வளவுதான் பலம் போல" என்று முடித்திருந்தார். அந்த வரி என்னை இரண்டு நாள் விடவில்லை.

தம்பி, உங்கள் ஜிம்மில் ஆகச் சிறிய தட்டு இரண்டரைக் கிலோ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரு பக்கமும் போட்டால் ஐந்து. நாற்பதுக்கு ஐந்து என்பது எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு பலம் ஒரே பாய்ச்சலில் யாருக்கு ஏறும்? 40இலேயே நில்லுங்கள். எட்டை ஒன்பதாக்குங்கள், பிறகு பத்து. மூன்று சுற்றிலும் பன்னிரண்டு தடவை ஒழுங்காக வந்த பிறகு 45ஐத் தொடுங்கள். அப்போது ஆறு தடவைதான் வந்தாலும் அது முன்னேற்றமே. ஒன்றேகால் கிலோ தட்டு ஒரு சோடி கிடைத்தால் 42.5 என்று இடையில் ஒரு படி வைக்கலாம். பாரத்தையும் தடவையையும் ஒரே நாளில் கூட்ட வேண்டாம். பக்கத்தில் ஆள் இல்லாமல் பெஞ்சில் படுக்கவும் வேண்டாம்.

அதற்கும் அசையாவிட்டால் ஒரு கிழமை 35க்கு இறங்குங்கள். இறங்குவதில் வெட்கம் எதற்கு? படிப்படியாகப் பாரம் கூட்டும் இந்தப் பயிற்சிமுறைக்கு வழிகாட்டிய வைத்தியரே குறைத்துத்தான் திருத்தினார். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட படையினரை சிக்காகோ இராணுவ வைத்தியசாலையொன்றில் பாரம் தூக்கவைத்துத் தேற்றியவர் தோமஸ் டிலோர்ம். 1945இல் அவர் எழுதிய முறையில் ஒரு பயிற்சிக்கு 70 முதல் 100 தடவை தூக்க வேண்டியிருந்தது. அது மிகை என்று கண்டு, 1948இல் ஆர்தர் வொட்கின்ஸோடு சேர்ந்து மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து என்று சுருக்கினார். பத்துத் தடவை மட்டுமே தூக்கக்கூடிய பாரத்தில் முதற்சுற்றுக்குப் பாதி, அடுத்ததற்கு முக்கால், கடைசிச் சுற்றுக்குத்தான் முழுப்பாரம். போரில் காயப்பட்ட உடல்களுக்காகப் பிறந்த முறை இது என்று வாசித்தபோது, எங்கள் போரில் காலிழந்து, செயற்கைக் காலோடு எங்கள் தெருக்களில் நடப்பவர்களின் முகங்கள் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன.

எங்கள் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரனையும் பாருங்கள். கோலூன்றிப் பாய்தலில் தன் தேசியச் சாதனையைத் தானே பல தடவை முறியடித்தவர். சென்டிமீட்டர் கணக்கில்தான் அந்தக் குறுக்குத்தடி உயர்ந்தது.

இன்னுமொன்று. புரதப் பவுடர் வாங்கட்டா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முதல் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். தசை வளர்வது ஜிம்மில் அல்ல, பிறகு எடுக்கும் ஓய்விலும் நித்திரையிலும். மீனும் முட்டையும் பயறும் கடலையும் எங்கள் வீடுகளில் இருக்கின்றன.

சின்ன வயதில் எங்கள் வளவுக் கிணற்றில் பெரிய வாளியை இழுக்க முடியாமல் நான் அழுதபோது, அப்பு ஒரு சின்ன வாளியைக் கயிற்றில் கட்டித் தந்தார். "இதை நிறைய இழு, கை பழகட்டும்" என்றார். தென்னம்பிள்ளைக்கு எத்தனை வாளி ஊற்றினேன் என்று பின்னேரங்களில் எண்ணிக் கேட்பார். பெரிய வாளியை எந்த நாளில் இழுத்தேன் என்பது எனக்கு நினைவில்லை. எண்ணிக்கை கேட்ட அவர் குரல் நினைவிருக்கிறது.

அடுத்த மாதம் எழுதுங்கள், தம்பி. 40 கிலோ, எத்தனை தடவை?

அன்புடன்,
ஆசிரியர்