ஓட்டல் சூப்பில் சிறுநீர்: பெற்றோர் தலையில் விழுந்தது 22 லட்சம் யுவான்!

மேஜை நடுவே அடுப்பு. அதன் மேல் கொதிக்கும் சூப்பு. இறைச்சி, கீரையை அதில் போட்டு, சுற்றி உட்கார்ந்து எடுத்துச் சாப்பிடுவதுதான் சீனாவின் 'ஹாட்பாட்' விருந்து. சட்டி சுத்தம் என்ற நம்பிக்கைதான் இந்த வியாபாரத்துக்கு முதல்.

2025 பிப்ரவரி 24-ல் அதில் மண் விழுந்தது. ஷாங்காயில் 'ஹைதிலாவ்' ஓட்டலின் தனி அறையில், 17 வயதுப் பையன்கள் 2 பேர் மேஜை மீது ஏறி சூப்பில் சிறுநீர் கழித்தார்கள். வீடியோ பரவியது. ஊரே கொதித்தது.

பழைய பாத்திரங்களை நிர்வாகம் தூக்கி எறிந்தது. மார்ச் 8 வரை சாப்பிட்டவர்களின் 4 ஆயிரத்துக்கும் அதிகமான பில்களுக்குப் பணம் வாபஸ். அதோடு 10 மடங்கு நஷ்டஈடு!

யார் தலையில்?

கம்பெனி கேட்டது 2 கோடியே 30 லட்சம் யுவான். செப்டம்பரில் ஷாங்காய் கோர்ட்டு கொடுத்தது 22 லட்சம்தான். அதில் 20 லட்சம், பேர் கெட்டதற்கும் வியாபார நஷ்டத்துக்கும். பாத்திரம், சுத்தம் செய்த செலவு 1 லட்சத்து 30 ஆயிரம் மட்டுமே.

10 மடங்கு கொடுத்தது கம்பெனியின் சொந்த முடிவு. அதைப் பெற்றோரிடம் கேட்க முடியாது என்று கோர்ட்டு கூறிவிட்டது.

வாடிக்கையாளரை இழுத்துப் பிடிக்கக் கொடுத்தது முதலாளி கணக்கு. பிள்ளை செய்த நாசம் அப்பன் கணக்கு!