வாரத்தில் எத்தனை நாள்?

அருப்புக்கோட்டை விசைத்தறிக் கூடங்களிலும் திருச்சுழிப் பக்கத்துக் கரிமூட்டங்களிலும் உழைப்போருக்கு இருமல் புதிதன்று. பஞ்சுத்தூசி என்றும் புகை என்றும் காரணம் சொல்லி நாளைத் தள்ளிவிடுவர். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. அதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்பதே உழைப்பவரின் கணக்கு. இக்கணக்கை அறியாத காசநோய் ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சியே.

தமிழகம் அதனை முன்பே அறிந்திருந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவின. காசநோயாளிக்கு மருத்துவ இல்லப் படுக்கையும் ஓய்வும் ஊட்டமிகு உணவும் இன்றியமையாதவை என்று கருதப்பட்ட காலம் அது. படுக்கைகளோ மிகக் குறைவு. நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருத்துவ இல்லத்திலும் மற்றவர் நெருக்கடியான தம் வீடுகளிலும் ஒரே மருந்தை ஓராண்டு உட்கொண்டனர். வீட்டில் இருந்தோர் உண்ட உணவு எளியது; ஆயினும் குணமடைவதில் அவர்கள் பெரிதும் பின்தங்கவில்லை. உடன் வாழ்ந்தோர்க்கும் அதனால் நோய் மிகுதியாகப் பரவவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது.

1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் சென்னையில்தான். அக்கிருமி உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும்போது உறங்கிக்கிடந்த காசநோய் விழித்தெழுகிறது. அக்காலத்தில் பரவியிருந்த முறையோ வாரத்தில் மூன்று நாள் மட்டும் மருந்து தருவது. பணியாளர் கண்முன்னே நோயாளி விழுங்க வேண்டும் என்பதால் நாள்களைக் குறைப்பது எளிதாயிற்று. இந்த எளிமை எச்.ஐ.வி. உள்ளோர்க்குப் போதுமா? சென்னை, மதுரை, வேலூர் ஆகிய ஊர்களில் 331 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2018இல் விடை வெளியிடப்பட்டது. நாள்தோறும் மருந்து உண்டோரில் 91 விழுக்காட்டினர் நற்பயன் பெற்றனர். வாரம் மும்முறை உண்டோரில் 77 விழுக்காட்டினரே. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி புதிதாக எதிர்ப்புப் பெற்றதும் மும்முறைப் பிரிவில்தான்.

ஏழை நாட்டில் இயன்றதைத்தான் செய்ய இயலும் என்பாரும் உளர். மும்முறை மருந்தால் பிழைத்தோர் பலர் என்பதால் அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் நிருவாகத்திற்கு எளியது நோயாளிக்கும் போதுமானது என்று சோதிக்காமலே கொள்வது பிழை. 1956இல் வறுமையை முன்னிட்டுத் தேடிய எளிய வழியும் சோதித்த பின்னரே ஏற்கப்பட்டது.

இப்போது மாத்திரை நாள்தோறும் என்றாகிவிட்டது. அதற்காகத் தறியை நிறுத்திவிட்டு நாள்தோறும் மருத்துவமனைக்குப் போக எவராலும் இயலாது. மருந்து வீட்டுக்கு வந்தாக வேண்டும். ஊட்டச்சத்துக்கென அரசு வழங்கும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது, நல்லதுதான். ஆனால் எச்.ஐ.வி. மாத்திரையை அக்கம்பக்கத்தார் காணாமல் எங்கே வைப்பது என்னும் அச்சம் பணத்தால் தீராது. அந்த அச்சத்தின் அளவை நன்கு அறிந்தவர் ஊர்தோறும் செல்லும் கிராமச் செவிலியரே. அடுத்த ஆய்வுக்கான கேள்விகள் எழுதப்படும்போதே வல்லுநரோடு அவருக்கும் ஓர் இருக்கை வேண்டும்.