மலைச் சைக்கிளும் மாங்காட்டுச் சாலையும்



பள்ளிகளும் கல்லூரிகளும் திறக்கின்ற ஜூன் மாதம் வந்துவிட்டால், நடுத்தரக் குடும்பங்களில் சைக்கிளைப் பற்றிய பேச்சும் உடன் வந்துவிடுகிறது. வேலைக்குச் செல்லத் தொடங்கும் இளைஞரும், மேல்நிலைப் பள்ளியில் சேரும் பிள்ளையும் இப்போது கேட்பது பழைய கறுப்புச் சைக்கிளை அன்று. 'எம்டிபி' என்று சுருக்கமாக அழைக்கப்படுகின்ற மலைச் சைக்கிளையே கேட்கின்றனர். தடித்த டயர், நேரான ஹேண்டில் பார், முன்னும் பின்னும் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், இருபத்தொரு கியர் என அதன் தோற்றமே இளம் உள்ளங்களைக் கவர்ந்துவிடுகிறது. வாங்கித் தரவேண்டிய தந்தைக்கோ விலையைக் கேட்டால் மலைப்பு. மறுத்தால் பிள்ளையின் முகம் வாடுமே என்ற தயக்கம். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, எது தேவை, எது அலங்காரம் என்று பிரித்தறிவதே இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்ளும் பொருளாகும்.

மாங்காட்டையே எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் குமணன்சாவடி, பூந்தமல்லி; மறுபுறம் குன்றத்தூர், போரூர். இவை யாவும் ஏழெட்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை இன்னும் சற்றுத் தொலைவு. நிலமோ பெரும்பாலும் சமதளம். குன்றத்தூர்க் குன்றையும் மேம்பாலங்களின் ஏற்றத்தையும் விட்டால், மேடு என்று சொல்ல ஏதுமில்லை. ஆனால் சாலையின் நிலை வேறு. குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளங்கள், கனரக லாரிகள் அரைத்துப்போட்ட ஓரங்கள், வடகிழக்குப் பருவமழையில் நீர் நின்று ஆழம் தெரியாமற்போகும் குழிகள் ஆகியவற்றை நாள்தோறும் கடக்கவேண்டியிருக்கிறது. விடுமுறை நாளில் செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கத்துச் சிற்றூர்களின் மண்பாதையில் சற்று உலாவிவரவும் பிள்ளைகள் விரும்புகின்றனர். இத்தகைய ஊருக்குத் தடித்த டயர் பூட்டிய, உறுதியான சைக்கிள் பொருத்தமானதே. ஆகவே பிள்ளைகள் மலைச் சைக்கிளைக் கேட்பதில் தவறில்லை. எத்தகைய மலைச் சைக்கிள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

என்னிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர், தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து இப்படியொரு சைக்கிளை வாங்கிவந்தார். "ஹஜ்ரத், இரண்டு பக்கமும் ஷாக் அப்சர்பர். பள்ளத்தில் இறங்கினாலும் தெரியாது" என்று மகிழ்ச்சியோடு காட்டினார். ஒரு மழைக்காலம் கழிந்தது. முன்பக்க ஸ்பிரிங் குழாயில் துரு ஏறியது. பின்பக்க இணைப்பில் ஆட்டம் கண்டது. அழுத்தி மிதித்தால் வண்டி மேலும் கீழும் குதித்ததேயன்றி முன்னேற மறுத்தது. இன்று அது மாடிப்படியின் கீழே சாய்ந்திருக்கிறது. அவர் பேருந்துக்குக் காத்திருக்கிறார். இது அவர் ஒருவருடைய கதை மட்டுமன்று. பல வீடுகளின் மாடிப்படிக்குக் கீழே இத்தகைய கதை ஒன்று இருக்கிறது.

மலைச் சைக்கிள் பிறந்த விதம்

இச்சைக்கிளின் வரலாற்றை அறிந்தால், எது அதன் உயிர் என்பது விளங்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மரின் என்றொரு மாவட்டம் உண்டு. 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய பொருள்களிலிருந்து தேடியெடுத்து, மலைப்பாதைகளில் இறக்கி ஓட்டினர். 1976ஆம் ஆண்டு அவர்கள் தொடங்கிய பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து, பின்சக்கர ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிய கிரீஸ் அடைக்கவேண்டும். அதனாலேயே அப்பெயர். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிட்சி போன்றோர் பின்னர் இதற்கெனவே ஃபிரேம்களைச் செய்யத் தொடங்கினர். 1981இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்னும் சைக்கிள் தொழிற்சாலையில் பெருமளவில் உற்பத்தியாகி விற்பனைக்கு வந்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. அந்நாளைய மலைச் சைக்கிள்களில் பொதுவாக ஸ்பிரிங் இல்லை. அதிர்வு தாங்கும் முன் ஃபோர்க் கடைகளில் பரவத் தொடங்கியது 1990ஆம் ஆண்டை ஒட்டித்தான். அதுவரை உண்மையான மலைகளில், பாறைகளின்மேல், தடித்த டயரையும் நல்ல பிரேக்கையும் உறுதியான ஃபிரேமையும் மட்டுமே நம்பி மக்கள் ஓட்டியிருக்கின்றனர். அப்படியிருக்க, குமணன்சாவடிக்குச் சென்றுவர இருபக்க ஸ்பிரிங் எதற்கு?

நம் பகுதிக்கும் சைக்கிள் புதிதன்று. முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து 1949இல் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது நமது அம்பத்தூரில்தான். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ ஆகிய பெயர்களோடு வெளிவந்த அச்சைக்கிள்கள் பால்காரரையும் தபால்காரரையும் துணி வியாபாரியையும் பல்லாண்டு சுமந்தன. எளிமையும் உறுதியும் எங்கும் கிடைக்கும் உதிரிப் பாகமுமே அவற்றின் பெருமை. புதிய சைக்கிளிலும் அக்குணங்களையே நாம் தேடவேண்டும்.

ஸ்பிரிங் யாருக்கு?

தரமான ஃபோர்க்கில் ஸ்பிரிங்குடன், அது துள்ளித் திரும்பாமல் அடக்குகின்ற எண்ணெய் அமைப்பும் உண்டு. அதன் விலையே நம் முழுச் சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும். மலிவான சைக்கிளில் இருப்பது வெறும் இரும்புச் சுருள்தான். அந்த ஃபோர்க் மட்டுமே இரண்டரைக் கிலோ வரை எடை பிடிக்கும். ஸ்பிரிங் இல்லாத இரும்பு ஃபோர்க் ஏறக்குறைய அதில் பாதிதான். பின்பக்க ஸ்பிரிங்கோ, மிதிக்கும் வலிமையில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடுகிறது. அதன் மூட்டுகளும் நாளடைவில் தளர்கின்றன. ஆகவே பட்ஜெட் சிறிதாயின், பின் ஸ்பிரிங்கை முற்றிலும் தவிர்க்கவேண்டும். முன் ஸ்பிரிங் இல்லாதது கிடைத்தால் அதுவே சிறந்தது. ஒரே விலைக்கு இரண்டு சைக்கிள்கள் இருந்து, ஒன்றில் ஸ்பிரிங் இல்லையெனில், அந்தப் பணம் பெரும்பாலும் சக்கரத்திலும் பிரேக்கிலும் செலவிடப்பட்டிருக்கும்.

டயரே நம் ஷாக் அப்சர்பர்

இரண்டு அங்குல அகலமுள்ள டயரில் காற்றை அளவோடு நிரப்பினால் அதுவே அதிர்வைத் தாங்கிவிடும். நடுத்தர எடையுள்ளவர் தார்ச்சாலையில் 40 பிஎஸ்ஐ அளவிலும், மண்பாதையில் 30 அளவிலும் வைத்துக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள வரம்பை மீறக்கூடாது. காற்று மிகக் குறைந்தால், பள்ளத்தின் விளிம்பில் டியூப் ரிம்மோடு நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும்.

ஆழமான கட்டைகள் கொண்ட டயர் பார்வைக்கு அழகு. தார்ச்சாலையிலோ இரைச்சலும் இழுவையும் மிகுதி. நடுவில் தொடர்ச்சியான வரியும், ஓரங்களில் கட்டைகளும் உள்ள டயரே இருவகைப் பாதைக்கும் ஏற்றது.

அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. மலைச் சைக்கிளின் 26 அங்குல டயரும், பழைய வகை 26 அங்குல டயரும் பெயரில் ஒன்றாயினும் ஒன்றன் ரிம்மில் மற்றொன்று பொருந்தா. '26 x 1.95' எனப் புள்ளியிட்டு எழுதியது ஒருவகை. '26 x 1 3/8' எனப் பின்னத்தில் எழுதியது வேறுவகை. முன்னதன் ரிம் 559 மில்லிமீட்டர், பின்னது 590. புதிதாக வருகின்ற 27.5, 29 அங்குலச் சக்கரங்கள் நல்லவையே. எனினும் அவற்றின் டயரும் டியூபும் உங்கள் தெருமுனைக் கடையில் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கும் கியரும்

ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக், வட்டத் தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் என இருவகை. மழையில் நனைந்த ரிம்மில் வி-பிரேக் உடனே பிடிக்காது. கட்டை நீரைத் துடைத்த பிறகே பிடிக்கும். டிஸ்க் பிரேக் இதில் மேலானது. ஆனால் மலிவான டிஸ்க் அடிக்கடி உரசும். தகடு சற்று வளைந்தாலும் தொல்லை. சமதளமான நம் பகுதிக்கு நல்ல வி-பிரேக் போதும். அதன் கட்டையைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், செலவும் சொற்பம். எதுவாயினும் முன், பின் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். வண்டியை நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே உரியது.

கியரைப் பொறுத்தவரை, இருபத்தொன்று என்பது முன்னே மூன்று பற்சக்கரமும் பின்னே ஏழும் சேர்ந்த கணக்கு. அவற்றுள் பல ஒன்றுபோலவே இருக்கும். ஏழெட்டு கிலோமீட்டர் சமதளப் பயணத்துக்குக் கியரே இல்லாத சைக்கிள் போதுமானது. தொலைவு அதிகமாயினும், மண்பாதைக்கு அடிக்கடி செல்வதாயினும், பின்னே மட்டும் ஏழு கியர் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

உடையும் உடலளவும்

கடைக்காரர் சொல்லாததும் நம் வீடுகளுக்கு மிக இன்றியமையாததும் ஆன செய்தி ஒன்று உண்டு. மலைச் சைக்கிள்கள் பெரும்பாலும் செயின் கவரும் மட்கார்டும் இல்லாமல் வருகின்றன. கால்சட்டை அணிந்து ஓட்டுவோரை எண்ணிச் செய்யப்பட்டவை அவை. கைலி, ஜிப்பா, புர்கா, துப்பட்டா ஆகிய எதுவும் செயினிலோ சக்கரக் கம்பியிலோ சிக்கினால் விபத்து நொடியில் நேர்ந்துவிடும். எனவே செயின் கவர், மட்கார்டு, கேரியர் ஆகியவற்றைப் பூட்ட ஃபிரேமில் துளைகள் உள்ளனவா என்று பார்த்தே வாங்கவேண்டும்.

பல வீடுகளில் ஒரே சைக்கிளைக் காலையில் அண்ணனும் மாலையில் தங்கையும் எடுப்பர். அத்தகைய வீட்டுக்குக் குறுக்குப் பார் தாழ்ந்து இறங்கும் ஃபிரேமே நல்லது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக ஏறத்தாழ ஒரு இலட்சம் பெண்கள் சைக்கிள் கற்றதை நினைவுகூரலாம். முஸ்லிம் பெண்களும் அதில் முன்னின்றனர். பெண்களுக்கான சைக்கிள் போதாமல், ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி ஓட்டினர். அவர்களுக்குக் கிட்டாத வசதி இன்று கடையில் இருக்கிறது. ஒரு சைக்கிள் வாங்கும்போது வீட்டுப் பெண்பிள்ளையும் ஓட்டுவாள் என்பதைக் கணக்கில் சேர்ப்பது நம் கடமை.

அளவு பார்ப்பது எளிது. இருகால்களையும் தரையில் ஊன்றிச் சைக்கிளுக்கு நடுவே நின்றால், பாருக்கும் உடலுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் அமர்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். 'வளரும் பிள்ளைதானே' என்று பெரிய சைக்கிளை வாங்குவது ஆபத்தானது.

பணக்கணக்கு

நாளொன்றுக்குப் போகவர 14 கிலோமீட்டர். மாதம் 26 நாட்கள். மொத்தம் 364 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு எட்டு லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் 800 ரூபாய். 10,000 ரூபாய்ச் சைக்கிள் ஓராண்டு சொச்சத்தில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் அது தினமும் ஓடினால்தான்! மாடிப்படியின் கீழ் நிற்கும் சைக்கிள் எவ்வளவு மலிவாயினும் நட்டமே.

சைக்கிளுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விலைச்சீட்டில் அது சரியாக உள்ளதா என்று பாருங்கள். கையிலுள்ள தொகை முழுவதையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாமல், ஐந்தில் ஒரு பங்கைப் பூட்டு, பெல், முன்விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, தலைக்கவசம் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். லாரிகள் விரையும் சாலையில் இருட்டில் திரும்பும் பிள்ளைக்கு, ஸ்பிரிங்கைவிடச் சிவப்பு விளக்கே உயிர் காக்கும். 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைக் கண்டால், செயலாக்கக் கட்டணமும் தாமத வட்டியும் மறைந்துள்ளனவா என்று படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

வாங்குமுன் செய்யவேண்டியவை

பெட்டியில் வரும் சைக்கிள் முழுமையாகப் பூட்டப்பட்டதன்று. தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துப் பூட்டச் செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் பக்கவாட்டில் ஆடக்கூடாது. முன் பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால், ஹேண்டில் கழுத்தில் தட்டும் ஒலி எழக்கூடாது. ஒரு மாதம் ஓட்டியபின் கம்பிகளையும் பிரேக் ஒயரையும் மீண்டும் இறுக்கவேண்டும். பழைய சைக்கிளாயின், ஹேண்டில் கழுத்தின் கீழ்ப்புறம் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் அடியிலுள்ள குழாய் வளைந்திருக்கக்கூடும்; விட்டுவிடுங்கள். வாங்கிய ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். மழையில் நனைந்தால் துடைத்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதைப் பிள்ளைகளின் பொறுப்பாக்குங்கள்.

வீண்விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது என்பதே நம் மார்க்கம் காட்டும் நடுவழி. பிரேக்கிலும் விளக்கிலும் மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம். குதிக்கும் ஸ்பிரிங்குக்குக் கொட்டிக் கொடுப்பது வீண்விரயம். கடைக்குப் போகுமுன் பிள்ளையை அருகில் அமர்த்தி இவ்விவரங்களை அவனிடமோ அவளிடமோ எடுத்துச் சொல்லுங்கள். காரணம் புரிந்துவிட்டால், தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே நம்பி ஒப்படைக்கலாம்.