குட்டை ஏரியல், நெட்டை மலை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளுக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, கல்லாற்றைத் தாண்டியதும் தொடங்கும் 22 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொன்று, சாலையின் மேல் குடைபிடிக்கும் மரங்கள். வளைவுகள் டயரைத் தின்கின்றன. மரக்கிளைகள் ரேடியோவின் ஏரியலை முறிக்கின்றன.

ஏரியல் முறிந்த ஓட்டுநர் நேராகப் போய் நிற்பது உதிரிபாகக் கடையில். "அண்ணாச்சி, கிளையில படாத மாதிரி சின்னதா ஒண்ணு குடுங்க" என்பதுதான் வழக்கமான கோரிக்கை. கடைக்காரர் விரல் நீள ரப்பர் ஏரியல் ஒன்றை எடுத்துத் திருகிக் காட்டுகிறார். ரேடியோ கணீரென்று பாடுகிறது. பணம் கைமாறுகிறது. மறுநாள் கல்லாற்றுப் பாலத்தில் அதே ரேடியோ கொர்ரென்று இரைகிறது.

ஏமாற்றியது கடைக்காரர் அல்ல, கடை இருக்கும் இடம். ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஈர்க்குச்சி நீளக் கம்பியைச் செருகினாலும் ரேடியோ பாடும். நகரத்தில் அலை அவ்வளவு வலுவாக இருக்கிறது. கல்லாறோ நகரத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிறது. எஃப்.எம். அலை ஏறக்குறைய வெளிச்சத்தைப் போன்றது. நேர்க்கோட்டில் போகும், மலை குறுக்கே வந்தால் நிழல் விழும். அந்த நிழலுக்குள் கசிந்து வரும் கொஞ்ச நஞ்ச அலையைப் பிடிப்பதுதான் ஏரியலின் உண்மையான வேலை.

நீளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 2005 நவம்பர் 1 அன்று அனந்தபுரி எஃப்.எம். என்ற பெயரில் வானொலி தொடங்கிய ஒலிபரப்பின் அலைவரிசை 101.9 மெகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் சுமார் 2.94 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 73 சென்டிமீட்டர் சொச்சம், ஏரியலுக்கு ஏற்ற அளவு. பழைய கார்களின் கம்பி முக்கால் மீட்டர் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம். அழகுக்காக அல்ல.

அப்படியானால் குட்டை ஏரியல் எல்லாமே மோசடியா? இல்லை. 35 அல்லது 40 சென்டிமீட்டர் ரப்பர் ஏரியலைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே கம்பி சுருள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். வெளியே குறைந்த நீளத்தைச் சுருள் உள்ளே ஓரளவு ஈடுகட்டுகிறது. எஃப்.எம். கேட்பதில் நஷ்டம் இருந்தாலும் தாங்கக்கூடிய நஷ்டம். ஆனால் 10 சென்டிமீட்டர் குட்டையில் எவ்வளவு சுற்றினாலும் இந்த ஈடு போதாது. அது நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்குப் போதும். கல்லாற்றுக்குப் போதாது.

ஏ.எம். என்ற மத்திய அலையின் கதை வேறு. 1943இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் தொடங்கி, 1950இல் அகில இந்திய வானொலியின் கைக்கு வந்தது திருவனந்தபுரம் நிலையம். அது நெடுங்காலம் பயன்படுத்திய அலைவரிசை 1161 கிலோஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 258 மீட்டர். கால் பங்கு ஏரியல் வேண்டுமென்றால் 20 மாடிக் கட்டடம் உயரத்துக்குக் கம்பி நட வேண்டும். ஆகவே ஏ.எம்.மைப் பொறுத்தவரை வண்டியில் வைக்கும் எந்த ஏரியலும் குட்டைதான். குட்டையை மேலும் குறைத்தால் அடி இரட்டிப்பாக விழுகிறது. கம்பியின் நீளம் பாதியானால் அது பிடிக்கும் மின்னழுத்தமும் பாதியாகிறது. அதில் செட்டுக்குப் போய்ச் சேரும் பங்கும் கிட்டத்தட்டப் பாதியாகிறது. பாதியில் பாதி, கால்வாசிதான் மிச்சம். கோபுரத்துக்கு அருகே இது தெரியாது. தொலைவிலிருந்து வரும் மத்திய அலை நிலையத்தை, அதுவும் இரவில், கேட்டுப் பழகியவர்களுக்கு உடனே தெரியும்.

"பூஸ்டர் வைத்த குட்டை ஏரியல் இருக்கிறதே" என்று கடைகளில் சொல்வதுண்டு. இருக்கிறது. ஆனால் பூஸ்டர் பாட்டை மட்டும் பெருக்குவதில்லை, இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. அதற்கு 12 வோல்ட் மின்சாரமும் வேண்டும். சில செட்டுகள் அதை ஏரியல் கேபிள் வழியாகவே அனுப்புகின்றன. பழைய செட்டுகளில் அந்த வசதி இல்லை. மின்சாரம் கிடைக்காத பூஸ்டர், பூஸ்டரே இல்லாத ஏரியலைவிட மோசம். அலைக்குக் குறுக்கே சுவர் வைத்த மாதிரி.

மாற்றுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது. பல வண்டிகளில் குற்றவாளி கம்பியே அல்ல, அதன் அடிப்பாகம். ஏரியலின் அடிப்பாகம் வண்டியின் இரும்புத் தகட்டை நேரடியாகத் தொட்டால்தான் எர்த் கிடைக்கும். பெயிண்டோ துருவோ நடுவில் புகுந்தால் எவ்வளவு நீளக் கம்பியும் வீண். கல்லாற்று மழைக்குத் துரு பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா? அடி நட்டைக் கழற்றி, தகட்டைப் பளிச்சென்று சுரண்டி, திரும்ப இறுக்கினால் பாதி வியாதி குணமாகிவிடும். செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

அடுத்தது கேபிள். அறுந்த கேபிளுக்குப் பதிலாக வீட்டு டி.வி. கேபிளைச் செருகிவிடுகிற வழக்கம் இருக்கிறது. எஃப்.எம். ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். ஏ.எம். படுத்துவிடும். கார் ரேடியோவுக்கான கேபிள் வேறு மாதிரி செய்யப்பட்டது. அலையை வழியிலேயே விழுங்கிவிடாமல் இருப்பதற்காகவே அந்தத் தனித் தயாரிப்பு.

ஆக, எதை வாங்குவது? பழைய கம்பியை அடியோடு கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மரை பெரும்பாலும் 5 அல்லது 6 மில்லிமீட்டர். பொருந்தாததை முறுக்கி ஏற்றினால் அடிப்பாகமும் போகும். எஃப்.எம். மட்டும் கேட்பவர் 35-40 சென்டிமீட்டர் சுருள் ஏரியலைத் தயங்காமல் வாங்கலாம். வளைந்து நிமிரும் என்பதால் கிளை பட்டாலும் முறியாது. ஏ.எம். கேட்பவருக்கு நீளக் கம்பிதான் கதி. முறியும் என்ற பயமிருந்தால் அடியில் ஸ்பிரிங் வைத்த ரகம், அல்லது காட்டுக்குள் நுழையும்போது மடித்து இறக்கக்கூடிய ரகம். விலையைவிட முக்கியம், சரியில்லையென்றால் திருப்பி வாங்கிக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்வது. சோதனையை நடத்த வேண்டிய இடம் கடைவாசல் அல்ல, கல்லாற்றுப் பாலம். பொன்முடி உச்சியிலும் சோதிக்கக் கூடாது. அங்கே மேற்கே கடல் வரை திறந்தவெளி. எந்த ஏரியலும் உச்சியில் யோக்கியன்தான்.

இத்தனை கவலை எதற்கு, பென் டிரைவில் பாட்டு இருக்கிறதே என்று கேட்கலாம். பாட்டுக்கு அது போதும். ஆனால் கல்லாறு பாறையும் பள்ளமுமான ஆறு. மேலே காட்டில் பெய்த மழை, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீர் வெள்ளமாக இறங்கும். மண்சரிந்து பொன்முடிச் சாலை மூடப்படுவதும் புதிதல்ல. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போனும் அடங்கிப்போயின. அப்படிப்பட்ட நாளில் பேட்டரியில் ஓடும் வண்டி ரேடியோ, மலைப்பாதையில் மாட்டிக்கொண்டவனுக்கு வெளியுலகத்தோடு இருக்கும் ஒரே கயிறு. பென் டிரைவுக்கு மழைச் செய்தி தெரியாது.

1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கிய காலத்தில், ஏரியலைக் காரின் துணிக்கூரைக்குள்ளும் படிக்கட்டுக்கு அடியிலும் ஒளித்துவைத்தார்கள். கூரை முழுக்க எஃகான பிறகுதான் அது வெளியே நீட்டிக்கொள்ள நேர்ந்தது. அன்று முதல் கார் கம்பெனிகள் அதைத் திரும்பவும் குட்டையாக்கி மறைக்கப் பார்க்கின்றன. நகரத்துச் சாலைக்கு அது சரி. கல்லாற்றில் ஓடும் பிக்கப்புக்கு, கிளைக்கு எட்டாத உயரமும் அலைக்கு எட்டும் நீளமும் ஒருசேர வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது சுமார் ஒரு முழம். அந்த ஒரு முழத்தில் கஞ்சத்தனம் கூடாது.