யாழைப் பார்த்தவர்கள் தூண்டிலைப் பார்க்கவில்லை

திருப்பூரைப் பற்றி எழுத உட்காரும் எந்தக் கவிஞருக்கும் முதல் வரி முன்கூட்டியே தயாராக இருக்கிறது. நொய்யல் செத்துவிட்டது. இரண்டாவது வரியில் சாயம் வரும், மூன்றாவதில் மீன் மிதக்கும், கடைசியில் ஒரு தாய் அழுவாள். இத்தகைய கவிதைகளை இருபது ஆண்டுகளாக வாசித்து வருகிறோம். எங்கள் பக்கத்துக்கு அனுப்பப்படுபவற்றிலும் இவற்றுக்குக் குறைவில்லை. அவற்றை எழுதுபவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தோம்: புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாசி மண்டிய ஏதேனும் ஒரு குளத்தின் கரையில் அரைநாள் நின்றதுண்டா?

நின்றிருந்தால் முதல் வரி மாறியிருக்கும். சாமளாபுரத்திலும் ஆண்டிபாளையத்திலும் குளம் இருக்கிறது. குளத்தில் மீன் இருக்கிறது. அதைப் பிடிக்கிறவனும், பிடித்ததைத் தின்கிறவனும் இருக்கிறார்கள். 'செத்துவிட்டது' என்று சொல்லிவிட்டால் இவர்கள் எவரைப் பற்றியும் யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த வரியின் சௌகரியம்.

இதை முன்வைத்தால் உடனே வரும் மறுப்பையும் அறிவோம். தூண்டில் போடுவது பொழுதுபோக்கு, இலக்கியப் பக்கத்தில் அதற்கென்ன வேலை? கேட்பவர்களில் பலர் தமிழ் கற்பிப்பவர்கள். ஆகவே அவர்கள் மறுக்க இயலாத ஓரிடத்திலிருந்தே தொடங்குகிறோம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பாண்மகன் வருகிறான். பசிய இறைச்சி இட்ட தோற்பை அவன் தோளில் தொங்குகிறது. நெடிய மூங்கில் கோல், அதில் கயிறு, வளைந்த வாயுடைய இரும்பு முள், அதை மூடிய இரை. வாளை இரையை மட்டும் கவ்விக்கொண்டு முள்ளை வெறுமையாக விட்டுப் போகிறது. போன மீன் பின்னர் என்ன செய்கிறது என்பதையும் புலவர் சொல்கிறார். நீரருகே வளர்ந்த பிரம்பின் நிழல் நடுங்குவதைக் கண்டு, அதையும் தூண்டிற்கோலென்று எண்ணி வெருள்கிறது. தூண்டிலில் ஒருமுறை தப்பிய மீனுக்கு அசையும் நிழல் ஆகாது. கரையில் நிற்பவன் தன் நிழல் நீரில் விழாதபடி நிற்க வேண்டும். தூண்டில் போடுகிற எவரும் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம் இது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பாட்டில், தொழில் தெரிந்தவர் எவரும் திருத்தத் தேவையில்லாத துல்லியத்துடன் இருக்கிறது.

இந்தப் பகுதியை வகுப்பறைகளில் எப்படி நடத்துகிறோம்? பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், உரை நச்சினார்க்கினியர், ஆற்றுப்படை இலக்கணம், ஐந்து மதிப்பெண் வினா. வாளை என்றால் கடலில் கிடைக்கும் வெள்ளிநாடா போன்ற மீனென்று நினைத்துக்கொண்டே முதுகலை முடித்துப் போகிற மாணவர்கள் உண்டு. பாட்டில் வருவது நன்னீர் வாளை. அகன்ற வாயும் மீசையும் கொண்டு, இரவில் இரை தேடும் வேட்டைமீன். இந்த வேறுபாடு தெரியாமல் அந்த வரிகளின் அச்சமும் புரியாது, அழகும் புரியாது.

ஐங்குறுநூற்றின் மருதத்தில் பாண்மகள் வரால் கொண்டுவந்து கொட்ட, வீட்டுக்காரி பழைய வெண்ணெல்லை வட்டியில் நிறைத்து அனுப்புகிறாள். யாழ் மீட்டியவர்களும் மீன் பிடித்தவர்களும் ஒரே குடியினர் என்பதை நூல்களே சொல்கின்றன. நம் தமிழ்த்துறைகளோ பாணன் கையில் யாழை மட்டும் பார்த்தன. தூண்டிலைப் பார்க்க மறுத்ததற்குக் காரணம் புலமைக் குறைவு மட்டுமே என்று நம்ப எங்களால் முடியவில்லை. மீன் வாடை வீசும் அறிவை அறிவென்று ஏற்கும் மனம் நம் கல்விப்புலத்துக்கு வாய்க்கவில்லை; அதற்குச் சாதியின் பெயர்தான் உண்டு. கடலுக்காவது 'கடல்புரத்தில்', 'ஆழி சூழ் உலகு' என்று நாவல்கள் வாய்த்தன. குளத்து மீன்காரனுக்கு அந்த அளவு இடம் நம் எழுத்தில் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

போகட்டும். அந்த அறிவு இன்று எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாங்களும் அதே கவிஞர்களின் வரிசையில் நிற்போம்.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று மிதக்கும் ஆகாயத்தாமரையையெல்லாம் குளத்தின் கிழக்குக் கரைக்குத் தள்ளி வைக்கிறது. ஐப்பசியில் வாடை தொடங்கினால் அது மேற்கே திரும்பும். இடைப்பட்ட புரட்டாசியில் காற்றுக்கு நிலையில்லை. காலையில் திறந்து கிடந்த நீர் மாலையில் மூடிக்கொள்ளும். எனவே கரையை முடிவு செய்வதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். அடியிலிருந்து எழும் வேலம்பாசி இம்மாதத்தில் நீர்மட்டத்தைத் தொட்டிருக்கும். தூண்டிலை வீசி இழுத்தால் முள்ளில் பாசிதான் வரும். ஆதலால் அனுபவசாலி வீசுவதில்லை. நீண்ட கோலை நீட்டி, பாசிக்கு நடுவே கண்போலத் திறந்திருக்கும் இடத்தில் நரம்பை நேராக இறக்குகிறான். விரால் அத்தகைய கண்ணின் ஓரத்தில்தான் ஒளிந்து கிடக்கும். தவளையோ சிறு மீனோ கடந்து போகக் காத்திருக்கும். இப்போது முள் மேல்நோக்கி மடிந்த ரப்பர் தவளைகள் கடைகளில் கிடைக்கின்றன. பாசிமேல் இழுத்தாலும் சிக்காது.

விடியற்காலையே மீன்பிடிக்க உகந்தது என்ற பொதுநம்பிக்கை பாசிக்குளத்தில் பாதிதான் உண்மை. பகலில் வெயிலில் பிராணவாயுவை வெளியிடும் பாசி, இரவெல்லாம் நம்மைப் போலவே அதை உட்கொள்கிறது. விடியும்போது நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். கெண்டை வகைகள் அப்போது இரையை நாடாமல் நீர்மட்டத்தில் வாய் பிளந்து திணறும். வெயில் ஏறிய பிறகே அவற்றுக்குப் பசி வரும். விராலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். மேலே வருகிற அந்தக் கணத்துச் சிறு சலனமே அது கிடக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். மூன்று நாள் மூட்டம் போட்டு வெயிலே இல்லையென்றால், அல்லது முதல் மழை சாக்கடையைத் திரட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினால், கெண்டைகள் கூட்டமாகச் செத்து மிதக்கும். செய்தித்தாள் உடனே 'சாயநீர்' என்று எழுதும். சில வேளை அது சாயநீராகவே இருக்கும். சில வேளை சாயத்துக்குத் தொடர்பே இராது. இரண்டையும் பிரித்தறியக் கரையில் நிற்பவனை விசாரித்திருக்கலாம், யாரும் விசாரிப்பதில்லை.

தூண்டில்காரர்களைப் புனிதர்களாக்குவதும் எங்கள் நோக்கமில்லை. மழைக்காலத்தில் விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்துபோலத் திரண்டு மேல்மட்டத்தில் அலையும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தப் பந்தின் நடுவே எதை இறக்கினாலும் காவல்மீன் பாய்ந்து கடிக்கும். பசியால் பாய்வதில்லை, குஞ்சுகளைக் காக்கவே பாய்கிறது. அதைப் பிடித்துப் படமெடுத்து இணையத்தில் போட்டுக்கொள்வதில் திறமை ஏதுமில்லை. காவல் போன மறுநாள் குஞ்சுகளை ஜிலேபியும் மற்றவையும் தின்று தீர்க்கும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஜிலேபிக் கெண்டையும், 2000ஆம் ஆண்டிலேயே வளர்க்கத் தடை விதிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான் பாழான நீரில் பெருகுகின்றன. பிடிக்க வேண்டுமென்றால் அவற்றைப் பிடிக்கட்டும்.

அடுத்து, குளத்தை அழகுபடுத்துகிறவர்கள். இவர்களுக்குப் பாசி என்றாலே அசிங்கம். இயந்திரத்தை இறக்கி மொத்தமாக வழித்தெடுத்து, கரையைச் சுற்றிக் கல் பதித்து, நடைபாதையும் விளக்கும் போட்டுவிட்டால் குளம் மீட்கப்பட்டதாகச் சொல்வார்கள். தென்னமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்துக்கு வந்து நாடெங்கும் பரவிய நீலப்பூக் களையை அகற்றத்தான் வேண்டும். (அதை ஆகாயத்தாமரை என்பது பேச்சுவழக்கு. வெங்காயத்தாமரை என்பதே பொருத்தமான பெயர். ஆகாயத்தாமரை என்பது வேறொரு மிதவைச் செடி.) அது நீரை முழுதாக மூடினால் வெளிச்சம் இறங்காது, கீழுள்ளவை மூச்சு முட்டிச் சாகும். ஆனால் வேலம்பாசியும் அல்லியும் கோரையும் சம்பும் அத்தகையவை அல்ல. மீன் முட்டையிடுவதும், குஞ்சு ஒளிவதும், நீர்க்கோழி கூடு கட்டுவதும் அவற்றில்தான். நஞ்சராயன் குளம் சுமார் 126 ஹெக்டேர் பரப்புள்ளது. 2022இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சர் தலமாகவும் அது அறிவிக்கப்பட்டது. அந்தப் பறவைகள் நடைபாதையைப் பார்க்க வருவதில்லை. சரணாலய எல்லைக்குள் தூண்டில் கூடாது என்பதில் எங்களுக்கு மறுப்பே கிடையாது. மற்ற குளங்களை நீச்சல் தொட்டிகளாக மாற்றாதீர்கள் என்பதே எங்கள் வாதம்.

இனி, எல்லோரும் தவிர்க்கிற கேள்வி. இந்த மீனைத் தின்னலாமா?

புரட்டாசியில் உள்ளூர்க்காரர்களில் பெரும்பாலோர் கவிச்சி தொடுவதில்லை. கரையில் நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்கள். பரோட்டா மாவை உருட்டி முள்ளில் கோத்துக் கெண்டைக்குக் காத்திருக்கிறார்கள். மீன் அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, வாரம் ஒருமுறை வாய்க்கும் ஊர்ச் சாப்பாடு. ஒடியர்களுக்கு விரதம் பின்னால், அவர்களது கார்த்திகையில் வருகிறது. அதன் இறுதி ஐந்து நாட்களை 'பக பஞ்சகம்' என்கிறார்கள்: அந்நாட்களில் கொக்குகூட மீன் தின்னாது என்பது நம்பிக்கை. இப்படியொரு கற்பனையைச் சுமந்து வந்தவர்களை நம் எழுத்தாளர்கள் 'வடக்கன்' என்ற ஒற்றைச் சொல்லில் கடந்து போகிறார்கள்.

1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயக்கழிவின் தேக்கமானதையும், கீழ்மடை விவசாயிகள் வழக்காடியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் இந்த ஊர் மறக்கவில்லை. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' போன்ற எழுத்துகள் அந்த நினைவுக்குத் துணை நின்றன. கழிவு நீரைத் துளியும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு பட்டறைகள் மீண்டும் இயங்குகின்றன. வண்டலில் படிந்த உலோகங்கள் நீதிமன்ற உத்தரவால் மறைந்துவிடுவதில்லை. சேற்றைக் கிளறித் தின்னும் மீனின் உடலில் அவை ஏறக்கூடும். எந்தக் குளத்தில், எந்த மீனில், எவ்வளவு என்பதே கேள்வி. அதற்கான விடை மீன்பிடிக் குத்தகையை ஏலம் விடுகிற அலுவலகங்களின் பொறுப்பு. எண்களை எழுதிவைத்த ஒரு பலகையை நாங்கள் எந்தக் கரையிலும் கண்டதில்லை. 'மீன் பிடிக்காதே, மீறினால் தண்டனை' என்ற பலகையைத்தான் கண்டிருக்கிறோம்.

ஆண்டுக்கு இருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு குளத்திலும் விரால், ஜிலேபி, கெளுத்தி ஆகிய மூன்றையும் பிடித்துச் சோதித்து, முடிவைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் கரையில் எழுதி வைக்க வேண்டும். சோதனைக்கு மீன் எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால், பாசியின் எந்தக் கண்ணில் எத்தனை மணிக்கு எந்த மீன் கிடக்கும் என்பதைக் கரையில் நிற்பவர்கள் சொல்வார்கள். நொய்யலுக்கு அடுத்த இரங்கற்பாவை எழுத இருப்பவர், அந்தப் பலகையைக் கேட்கும் மனுவில் முதலில் கையெழுத்திட்டுவிட்டு எழுதட்டும்.