‘இப்ப சரிதானே’ எண்டால் முடிஞ்சுதா?

போன செமஸ்டர் நான் பதிஞ்ச பாடம் ஒண்டு பாடப்பதிவு மென்பொருளில காணாமல் போச்சுது. போய்ச் சொன்னன். “நீர் பதிய மறந்திருப்பீர் தங்கச்சி” எண்டினம். பிந்திப் பதிஞ்சதுக்குத் தண்டப்பணமும் கட்டினன். பிறகு இன்னும் நாலைஞ்சு பேர் அதே முறைப்பாட்டோட போக, “அப்டேட் போட்டாச்சு, இப்ப சரிதானே” எண்டு பதில் வந்தது. அண்டைக்குப் பிழை விட்டது நானா, மென்பொருளா? பாக்கேலாதாம். பழைய பதிப்புக்கு மேலயே புதுசை எழுதிப்போட்டினமாம்.

நான் கலைப்பீடம்தான். ஆனாலும் ‘பாக்கேலாது’ எண்ட கதையை நான் நம்பத் தயாரில்லை.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கின ‘கிட்’ இலவசம். கோடில செய்து பதியிற ஒவ்வொரு மாற்றத்தையும் ஆர், எப்ப செய்தது எண்டு அது சேமிச்சு வைக்கும். வெளியிடுற ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ‘டேக்’ போட்டு வைச்சால், வருசங்கள் கழிச்சும் அந்தக் கோடைத் திருப்பி எடுக்கலாம். முறைப்பாடு சொன்ன ஆள் பாவிச்ச அதே பதிப்பை ஓட்டி, அவர் செய்ததைச் செய்து பாக்கலாம். வழு திரும்ப வந்தால், அவர் சொன்னது உண்மை. பிறகு ‘பைசெக்ட்’ இருக்கு. பாதி பாதியாப் பிரிச்சுத் தேடினால், 1000 மாற்றங்களுக்குள்ள பிழையானதைக் கிட்டத்தட்ட 10 சோதனையில பிடிக்கலாம்.

2014 ஏப்ரலில் இணையத்தையே உலுக்கின ‘ஹார்ட்ப்ளீட்’ ஓட்டையைப் பாருங்கோ. ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின்ர மாற்ற வரலாறு திறந்து கிடந்தது. அதாலதான் அந்த வழு 2011 டிசம்பர் 31இல் உள்ள வந்தது, 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்பில இருந்து பாதிப்பு எண்டு திகதியோட சொல்ல முடிஞ்சுது. இண்டைக்கும் அந்தப் பதிப்பை எடுத்து ஆரும் சோதிச்சுப் பாக்கலாம்.

கோட் மட்டும் காணாது எண்டு கணினிப் பெடியள் சொல்லுவினம். உண்மைதான். அந்த நேரத்து நூலகப் பதிப்புகள், அமைப்புகள், தரவுத்தளத்தின்ர வடிவம் எல்லாம் வேணும். அப்ப அதுகளையும் பதிஞ்சு வையுங்கோ. அது வைக்காமல் விட்டதுக்கு நான் ஏன் தண்டம் கட்டவேணும்?

திருத்தினதுக்கு நன்றி. ஆனா திருத்தம் நாளைக்கு வாற ஆளுக்குத்தான் உதவும். நேற்று ‘மறந்திருப்பீர்’ எண்டு பேச்சு வாங்கின ஆளுக்கு, நேற்றைய பதிப்புத்தான் சாட்சி. அதை அழிச்சுப்போட்டு எங்களை மறதிக்காரர் எண்டு சொல்லாதேங்கோ.